ஆறாம் பதிப்பு செய்ததைப் போல

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. என் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம். உன் அத்தான் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை, அதனால் வீடு அமைதியாக இருக்கிறது. நீயும் உன் மனைவியும் குட்டியும் சுகந்தானே? குட்டிக்கு இருமல் விட்டதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று மறுபடி கேட்காதே. ஆவணக் காப்பகத்தில் இத்தனை வருடம் தூசி தின்றவள் நான். அப்பா எழுதிய கடிதத்தைப் பிரித்தால் இன்றும் படிக்க வருகிறது. நீ போனில் பேசியது மறுநாள் உனக்கே நினைவிருப்பதில்லை. எனவே எழுது.

இன்று எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் காப்பக ஜன்னலுக்கு ஓர் ஓய்வுபெற்ற நர்ஸ் வந்தார். எந்தெந்த ஆஸ்பத்திரியில் எந்தெந்த வருடம் வேலை பார்த்தார் என்ற பதிவு வேண்டும், அது இல்லாமல் ஓய்வூதியம் கிடைக்காது. பதிவு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிகள் எல்லாம் உன் கம்பெனியின் எழுத்து மென்பொருளில், அதன் ஆறாம் பதிப்பில், அடித்துக் கொடுத்தவை. (உன் கம்பெனி என்றால் நீ விற்கிற கம்பெனி. உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.) இப்போதைய பதிப்புக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. கம்பெனிக்கு எழுதினோம். ஆறாம் பதிப்புக்கான ஆதரவு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அந்த அம்மாளிடம் அதை எப்படிச் சொல்வது? நீங்கள் வேலை பார்த்த வருடங்களுக்கு ஆதரவு முடிந்துவிட்டது என்றா?

இப்படி நடக்கக்கூடாது என்றுதான் தர நிர்ணய அலுவலகத்தில் எங்கள் குழு இருக்கிறது. அரசு ஆவணங்களை எந்த வடிவத்தில் சேமிப்பது என்று முடிவு செய்கிற குழு. மூன்றாம் மாடி, மாதத்தின் முதல் வியாழக்கிழமை, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். சுவரோரம் பொதுமக்களுக்கென்று ஒரு பெஞ்சு உண்டு, அதில் எங்கள் குடைகள்தான் உட்கார்ந்திருக்கும். போன வருடம் திறந்த வடிவம் ஒன்றை ஏற்றோம். அதன் விதிகள் முழுவதும் வெளிப்படை. யார் வேண்டுமானாலும் படித்து, அதைத் திறக்கிற மென்பொருளை எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் மூலநிரலோடு சும்மா கொடுக்கிறார்கள். இப்போது உன் கம்பெனி, எங்கள் வடிவத்தையும் தரமாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஆறாயிரம் பக்க முன்மொழிவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருக்கிறது. ஏற்றுக்கொண்டால் எல்லா அலுவலகமும் பழைய பழக்கத்திலேயே கிடக்கும், நாளைக்கு இன்னொரு நர்ஸ் வந்து ஜன்னலில் நிற்பார். ஜூனில் வாக்கெடுப்பு. நான் எதிர்த்துத்தான் கை தூக்குவேன்.

நர்ஸின் ஃபைலை, அவர் சம்மதத்தோடு, ஒரு பென் டிரைவில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். உன் கடையின் பின்னறையில் பழைய கம்ப்யூட்டர்கள் மலையாகக் கிடக்குமே, எதிலாவது திறக்கிறதா பார்.

குட்டிக்கு அத்தையின் முத்தங்கள்.
அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் சுகம். குட்டிக்கு இருமல் போய் இப்போது கேள்வி கேட்கும் வியாதி வந்திருக்கிறது. அத்தானின் பல் எப்படி இருக்கிறது? உன் முழங்காலுக்கு மூன்று மாடி ஏறுவது நல்லதல்ல என்று டாக்டர் சொன்னதை மறந்துவிட்டாயா?

ஆறாயிரம் பக்கமா? கல்யாணப் பத்திரிகையையே நான் கடைசி வரியிலிருந்து படிக்கிறவன். உனக்கு எதற்கு இந்த வம்பு? யானைகள் மோதுகிற இடத்தில் நமக்கு என்ன வேலை? ரிட்டயர் ஆக இன்னும் இரண்டே வருடம்தானே.

கடை நன்றாகப் போகிறது. சிறந்த டீலர் என்று கேடயம் கொடுத்தார்கள். அதைக் கொடுக்க மேலிடத்திலிருந்து ஒருவர் நேரில் வந்தார். பெரிய மனிதர், ஆனால் தோளில் கை போட்டுப் பேசுகிறார். அவர் போட்டிருந்த சென்ட் வாசனை கடையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. யாரோ மணமகன் தங்கிவிட்டுப் போன அறை மாதிரி இருக்கிறது என்கிறாள் உன் தம்பி மனைவி. இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடங்கள் அத்தனைக்கும் கம்ப்யூட்டர் போடுகிற வேலை எனக்கே வரலாம் என்று சொல்லியிருக்கிறார். வந்தால் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துவிடுவேன்.

ஆமாம், உங்கள் குழுவில் புதிதாக ஒருவர் சேர வேண்டுமென்றால் என்ன வழி? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பென் டிரைவ் வந்தது. பார்க்கிறேன்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

கேடயத்துக்கு வாழ்த்து. டிவி மேலே வைக்காதே, விழுந்தால் இரண்டும் போகும். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அத்தான் பேச ஆரம்பித்துவிட்டார், அதனால் கொஞ்சம் தலைவலியும் சேர்ந்திருக்கிறது.

என் வேலையைப் பற்றி நீ ஒரு கேள்வி கேட்டது உலக அதிசயம். சந்தோஷத்தில் விரிவாகவே சொல்கிறேன், கேள். தொழிலில் இருக்கிற எந்தக் கடையும் எந்தக் கம்பெனியும் ஒரு விண்ணப்பம் போட்டால் போதும். ஒரு கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்த நாளிலிருந்து உறுப்பினர், அன்றே வாக்கும் உண்டு. அப்படி வந்தவரை மூன்று வருடத்துக்கு யாராலும் நீக்க முடியாது, அவராக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால்தான் உண்டு. அரசு ஆட்களான எங்கள் கதை வேறு. அனுப்பிய இயக்குநர் நினைத்தால் நாளைக்கே திரும்ப அழைத்துக்கொள்ளலாம். எந்தத் தீர்மானமும் நிறைவேற, அறையில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கை உயர வேண்டும்.

ஒரு வேடிக்கையான விதியும் இருக்கிறது. வாக்கெடுப்புக்கு முன் எந்த உறுப்பினரும், முன்மொழிவை முழுதாக வாசிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆதரிப்பவர்கள்தான் முறைவைத்து வாசிக்க வேண்டும். வாசிக்கிறபோது யாராவது சந்தேகம் கேட்டால் வாசிக்கிறவரே பதில் சொல்ல வேண்டும். எழுந்து போனவருக்கு வாக்கு கிடையாது. கேட்டவர் போதும் என்றால்தான் வாசிப்பு நிற்கும். குழுவின் முதல் தலைவருக்கு, படிக்காமலே தலையாட்டுகிறவர்களைக் கண்டால் ஆகாதாம். நான் சேர்ந்த பிறகு ஒரே ஒரு முறைதான் கேட்டார்கள், திருகாணிப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள் பற்றிய நாலு பக்கத் தரத்துக்கு. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

நர்ஸ் மறுபடி வந்தார். ஃபைல் என்ன ஆயிற்று?

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே? இருந்தால் மறைக்காமல் எழுது.

இங்கே கூத்து நடக்கிறது. நேற்றைய கூட்டத்துக்குப் போனால் என் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். யார் என்று கேட்டால் புது உறுப்பினராம், பிரிண்டர் மை விற்கிற கடைக்காரர். அவர் பக்கத்தில் இன்னொருவர், அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். ஏதோ ஓர் ஊரில் டைப்பிங் வகுப்பு நடத்துகிறவர் கூட உறுப்பினர். எல்லோர் கழுத்திலும் ஒரே நிற நாடா. ஆறாயிரம் பக்கத்தில் எந்தப் பக்கம் பிடித்தது என்று டைப்பிங்காரரிடம் கேட்டேன். அட்டை நல்லா இருக்கு மேடம் என்றார், பாவம், பொய் சொல்லத் தெரியாதவர். நாற்காலி போதாமல் நான் பொதுமக்கள் பெஞ்சில் குடைகளோடு உட்கார்ந்தேன்.

இவர்களை எல்லாம் மேய்த்துக்கொண்டு ஒருவர் தாழ்வாரத்தில் நிற்கிறார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள், இவருக்கு வாசனை. இரண்டாம் மாடிக்கு வரும்போதே தெரிந்துவிடுகிறது. என் தோளில் கை போட வந்தார், நான் குடையை அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

மதியம் எங்கள் இயக்குநர் கூப்பிட்டார். ஜூனில் நான் எதிர்க்க வேண்டாம், நடுநிலையாக இருந்தால் போதும் என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் மேலே இருந்து ஒரு போன் வந்தால் முதுகெலும்பைக் கழற்றி மேஜை இழுப்பறையில் வைத்துவிடுவார். நான் சொன்னேன்: “சார், நடுநிலையா இருக்கணும்னா நீங்க ஒரு பூந்தொட்டியை அனுப்பியிருக்கலாம். என்னை அனுப்பினீங்க.” எழுத்தில் உத்தரவு கொடுங்கள், அதுவரை என் கை என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத்தில் கொடுக்க அவருக்குத் தைரியம் இல்லை.

வயிறு எரிகிறது தம்பி. இத்தனை வருடம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வரி வரியாகச் சண்டை போட்டுச் செய்த வேலை. அதை ஒரு பஸ் நிறைய ஆள் கொண்டுவந்து கவிழ்க்கப் பார்க்கிறார்கள். நீ இந்தத் தொழிலில் இருக்கிறவன், உன் காதில் ஏதாவது விழுந்ததா? விழுந்தால் எழுது.

ஃபைல்?

அக்கா

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. இங்கே வெயில் கடுமை. குட்டி நீச்சல் கற்கிறாள்.

நீ கேட்ட விஷயம் பற்றி என் காதில் எதுவும் விழவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், ஜூன் முதல் வாரம் நீயும் அத்தானும் லீவு போட்டுவிட்டு இங்கே வந்து இருங்களேன். கடல் காற்று உன் முழங்காலுக்கு நல்லது. யார் ஜெயித்தாலும் நமக்கு மறுநாள் விடியத்தானே போகிறது.

நான் அந்த வாரம் வேறு வேலையாகத் தலைநகர் வர வேண்டியிருக்கும். வீட்டுக்கு வர நேரம் இருக்காது. கோபித்துக்கொள்ளாதே.

தம்பி

மே 8

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அரைப் பக்கத்தை மூன்று முறை படிக்க அதிக நேரம் ஆகவில்லை.

என்னை அங்கே கூப்பிடுகிற வாரத்தில் நீ இங்கே வருகிறாய். அப்படியானால் கடற்கரையில் எனக்குத் துணை யார், உன் கேடயமா? உன் மனசில் என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும், நான் லீவு போட மாட்டேன். முழங்காலைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாவது மூன்று மாடி ஏறுவேன். தோற்கத்தான் போகிறேன், தலையை எண்ணிப் பார்க்க எனக்கும் தெரியும். ஆனால் நான் இல்லாத நேரம் பார்த்து அவர்கள் ஜெயிக்கக்கூடாது, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஜெயிக்கட்டும்.

அக்கா வீடு இருக்கிற ஊரில் லாட்ஜில் தங்குகிறவன் நீயாகத்தான் இருப்பாய். அத்தான் உன் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கி வைத்திருக்கிறார். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும்.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். அங்கே உன்னோடு பேச முடியவில்லை. கடைசி நாள் நீ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கியதை மேலே நின்று பார்த்தேன். முழங்காலுக்கு நல்ல டாக்டரைப் பார்க்க வேண்டும். அத்தானிடம் மெத்தைக்காக நன்றி சொல்.

கோபமா?

தம்பி

ஜூலை 14

தம்பிக்கு,

கோபம்தான். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, மனசைப் பற்றிக் கேட்காதே.

அந்த அறையில் நீயும் இருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ இருந்தது கதவோரக் கடைசி வரிசையில். என் இடத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

முதலில் வாசனை வந்தது. அதன் பின்னால் கழுத்தில் நாடா போட்டவர்கள் வரிசையாக வந்தார்கள். கடைசியாக வந்தவன் என் தம்பி. உன் கழுத்திலும் அதே நாடா. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. கேடயம் கொடுக்க வந்தவரின் சென்ட், பள்ளிக்கூட ஆர்டர், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. விண்ணப்பம் போட்டால் போதும் என்று உனக்கு விளக்கி எழுதியவள் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது போல, தபால் தலையும் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். என் கடிதம் உன் வீட்டைத் தாண்டி எங்கே போயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

உன்னைப் பார்த்த பிறகுதான் எழுந்தேன். அதுவரை எதிர்த்துக் கை தூக்கிவிட்டுத் தோற்றுப்போகிற எண்ணத்தில்தான் இருந்தேன். உன் கழுத்து நாடாவைப் பார்த்ததும் என் ரத்தம் கொதித்தது. அந்த விதியைச் சொல்லி, முழுதாக வாசிக்கக் கேட்டேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசனைக்காரர் சிரித்துக்கொண்டே, “படிக்கலாமே மேடம், எந்தப் பக்கம் வேணும்?” என்றார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என்றேன். விதிப் புத்தகத்தை வரவழைத்துப் பார்த்தார்கள், விதி இருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு மட்டும் இல்லை.

பிரிண்டர் மைக்காரர் முதலில் வாசித்தார், பிறகு டைப்பிங்காரர். அவராவது வேகமாக வாசிப்பார் என்று நினைத்தேன், ஒரு புள்ளியைக்கூட விடாமல் “புள்ளி, காற்புள்ளி” என்று சொல்லி வாசித்தார். அன்று சாயங்காலம் அவர்களுடைய பஸ் காத்திருந்து திரும்பிப் போனது. மறுநாள் பாதிப் பேரின் கடைகளிலிருந்து போன் வந்தபடி இருந்தது. ஒருவர் எழுந்து போனார், அவரைப் பார்த்து இன்னும் இருவர். வாசனைக்காரர் தாழ்வாரத்தில் ஒவ்வொருவர் தோளாகப் பிடித்துக் கெஞ்சினார். நீ மட்டும் அந்த இரண்டு நாளும் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாய். சாப்பாட்டு இடைவேளையில் என் பக்கமும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

மூன்றாம் நாள் உன் முறை. சின்ன வயசில் நீ சத்தமாகப் பாடம் படித்தால் நான் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவேன். அதே குரல்தான், கொஞ்சம் கரகரப்பு. நீ வாசித்த பத்தி எனக்கு மனப்பாடம்: “இந்த அடையாளம் இருக்கும் பத்திகளில் வரி இடைவெளி, எங்கள் ஆறாம் பதிப்பு செய்ததைப் போலவே அமைய வேண்டும். ஆறாம் பதிப்பு அதை எப்படிச் செய்தது என்பது இந்த ஆவணத்தில் விவரிக்கப்படவில்லை.”

வாசித்துவிட்டு நின்றாய். நான் எழுந்தேன். நீ பிறந்த நாளிலிருந்து உன்னை நான் ‘நீங்க’ என்று கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டேன்.

“உறுப்பினர் அவர்களே, ஆறாம் பதிப்பு எப்படிச் செஞ்சுதுன்னு நீங்க சொல்ல முடியுமா?”

“தெரியாது,” என்றாய்.

வாசனைக்காரர் குறுக்கே புகுந்து, அது எங்க கம்பெனியோட உள் விஷயம் என்றார். அம்மா செய்வது போல் செய்க என்று சமையல் குறிப்பு எழுதிவிட்டு, அம்மாவைக் கண்ணில் காட்ட மாட்டோம் என்கிறார்கள். அறையில் யாரோ சிரித்தார்கள். டைப்பிங்காரர் என்று நினைக்கிறேன்.

அதோடு நான் போதும் என்று சொல்லிவிட்டேன். இன்னும் ஆயிரக்கணக்கான பக்கம் இருந்தது, இன்னும் ஒரு வாரம் இழுத்திருந்தால் பாதிப் பேர் ஓடியிருப்பார்கள். குழுவில் எல்லோரும் ஏன் நிறுத்தினாய் என்று இன்றும் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால், நீ தெரியாது என்று சொன்ன குரலை என்னால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது இதுதான் போலிருக்கிறது. நாசமாய்ப் போன சதை.

கைகளை எண்ணினார்கள். தீர்மானம் ஒரு கை குறைவில் விழுந்தது. உன் இரண்டு கையும் மடியில் இருந்தன, பார்த்தேன். ஆனால் எதிர்ப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோதும் அவை மடியில்தான் இருந்தன. நீ பாதிக் கிணறு தாண்டியவன் தம்பி. பாதிக் கிணறு தாண்டியவன் எங்கே விழுவான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மெத்தை இன்னும் பிளாஸ்டிக் உறையோடுதான் இருக்கிறது.

அக்கா

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், கடையைத் தவிர. டீலர் உரிமையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வேலை வேறொருவருக்குப் போயிற்று. போர்டிலிருந்து கம்பெனியின் பெயரைக் கழற்றிவிட்டேன், இப்போது வெறும் “கம்ப்யூட்டர் கடை” என்றுதான் இருக்கிறது. உன் தம்பி மனைவி ஒரு நாள் முழுவதும் கணக்கு நோட்டைப் புரட்டினாள். மறுநாள், கேடயத்தைக் கதவு ஆடாமல் முட்டுக்கொடுக்க வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்துக்கு வரிக்கு வரி பதில் எழுத எனக்கு வராது. ஒரு கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். ஆறாம் பதிப்பு எப்படிச் செய்தது என்று எல்லோர் முன்னாலும் கேட்டாய். தெரியாது என்றேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் இருந்தது. இருபது வருடமாக அந்தப் பெட்டிகளை விற்கிறேன். பழைய ஃபைல் திறக்கவில்லை என்று வந்தவர்களிடமெல்லாம் புதுசு வாங்கிக்கோங்க என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஒருவரிடமும் ஏன் திறக்கவில்லை என்று நான் கேட்டதில்லை.

நீ ஜனவரியில் அனுப்பிய பென் டிரைவ் மேஜை இழுப்பறையில் அப்படியே இருந்தது. கம்பெனி இல்லாத கடையில் வேறென்ன வேலை? சும்மா கொடுக்கிறார்கள் என்று நீ எழுதினாயே, அந்தக் கட்டற்ற மென்பொருளை இறக்கிப் போட்டேன். அதன் மூலநிரலில் ஆறாம் பதிப்புக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது அக்கா. கம்பெனி சொல்லாததை, யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, இந்த இடத்தில் இந்த எண் இருந்தால் இதுதான் அர்த்தம் என்று கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள். நடுநடுவே குறிப்பு வேறு: “இது ஏன் இப்படி என்று தெரியவில்லை, ஆனால் இப்படிச் செய்தால்தான் வருகிறது.” படித்துச் சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது.

இத்துடன் இருக்கிற மூன்று தாள் அந்த நர்ஸ் அம்மாவுடையது. ஒரு கட்டம் கூட இல்லை.

தம்பி

ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவிக்கு முதலில் என் அன்பைச் சொல். கதவு இப்போது ஆடாமல் நிற்கிறதா?

இதே ஃபைலை இங்கேயும் அந்த மென்பொருளில் திறந்து, முத்திரை வைத்து நர்ஸிடம் கொடுத்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஜன்னலிலேயே நின்று ஒவ்வொரு ஆஸ்பத்திரி பெயரிலும் விரலை வைத்துப் படித்தார். “இத்தனை வருஷம் வேலை பார்த்தேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா,” என்றார். தாளை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனார். நான் கொஞ்ச நேரம் ஜன்னலைச் சாத்திவிட்டு அழுதேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தட்டினார்கள், திறந்துவிட்டேன்.

இனி கெட்ட செய்தி. கம்பெனி அதே ஆறாயிரம் பக்கத்தை அட்டை மாற்றி மறுபடி கொண்டுவந்திருக்கிறது. அக்டோபர் முதல் வியாழன் வாக்கெடுப்பு. இந்த முறை இயக்குநருக்குத் தைரியம் வந்து எழுத்திலேயே கொடுத்துவிட்டார். குழுவிலிருந்து நான் திரும்ப அழைக்கப்பட்டுவிட்டேன். என் இடத்துக்குப் போகிறவர் புதிதாகக் கல்யாணம் ஆனவர், எதற்கும் தலையாட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார். பழைய உறுப்பினர்கள் நாலைந்து பேர் எதிர்ப்பார்கள். ஆனால் எழுந்து நின்று வாசிக்கச் சொல்கிற ஆள் அவர்களில் இல்லை. எல்லோருக்கும் மேலே ஒரு இயக்குநர் இருக்கிறார்.

நாற்காலி போனால் போகட்டும், நாக்கு என்னுடையதுதான். பொதுமக்கள் பெஞ்சில் உட்கார யாரும் எனக்குத் தடை போட முடியாது. அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பெஞ்சில் இருப்பவர்கள் பேசக்கூடாது என்பதுதான் விதி, முறைக்கக்கூடாது என்று விதி இல்லை.

உன் மீது கோபம் பாதி குறைந்திருக்கிறது. மீதிப் பாதி உன் கையில்.

அக்கா

செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். கதவு ஆடாமல் நிற்கிறது. முழங்காலுக்கு ஓர் உறை வாங்கி அனுப்பியிருக்கிறேன், மாடி ஏறும்போது போட்டுக்கொள்.

நேற்று காலை குட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். பின்னாலேயே வாசனைக்காரர் வந்தார். தோளில் கை போட்டார். பழசை எல்லாம் மறந்துவிடலாம், டீலர் உரிமை நாளைக்கே திரும்ப வந்துவிடும், பள்ளிக்கூட வேலையில் பாதியும் வாங்கித் தருகிறேன் என்றார். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, குழுவிலிருந்து விலகுகிறேன் என்று தயாராக அடித்துக் கொண்டுவந்த தாளில் கையெழுத்துப் போடுவது.

அப்போதுதான் பிப்ரவரியில் நீ எழுதியது நினைவுக்கு வந்தது. ஒரு கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவரை மூன்று வருடத்துக்கு யாராலும் நீக்க முடியாது. உன்னை நீக்கிவிட்டார்கள். என்னை அவர்கள்தான் பஸ் ஏற்றிக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள், இப்போது எழுப்ப முடியவில்லை.

கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். பழைய ஃபைல் திறக்க வருகிறவர்கள் இப்போது அதிகம், பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்: “சார், எங்க குழுவுல ஒரு விதி இருக்கு. யாரு ஆதரிக்கிறாங்களோ அவங்கதான் வாசிக்கணும். முழுசா வாசிங்க.”

வாசித்தார் அக்கா. நிஜமாகவே நின்றபடி வாசித்தார். சொந்தக் காரணங்களுக்காக, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதோடு விலகுகிறேன் என்று என் கடை நடுவில் நின்று அவர் குரலில் வாசித்தார். யாருடைய வற்புறுத்தலும் இன்றி என்ற இடத்தில் உன் தம்பி மனைவி உள்ளேயிருந்து சிரித்துவிட்டாள். சொந்தக் காரணம் எது சார் என்று நான் சந்தேகம் கேட்டேன். தாளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்து அனுப்பினேன். கடை என்ன ஆகும் என்று பயம் இருக்கத்தான் இருக்கிறது, இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பயத்தோடுதான் அனுப்பினேன்.

டைப்பிங்காரரிடம் போனில் பேசினேன். மறுபடி அதை வாசிக்கச் சொன்னால் வகுப்பை மூடிவிட்டுச் சந்நியாசம் போய்விடுவேன் என்கிறார். அதைவிட எதிர்த்துக் கை தூக்குவது சுலபம் என்று சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறார். நான் அந்த ஆறாயிரம் பக்கத்தை உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன், இந்த முறை முதல் வரியிலிருந்து. ‘செய்ததைப் போல’ என்று வருகிற இடத்திலெல்லாம் பென்சில் கோடு போட்டுக்கொண்டு வருகிறேன். பென்சில் தேய்ந்து இன்னொன்று வாங்கியாயிற்று.

புதன்கிழமை ரயிலில் வருகிறேன். மெத்தையின் உறையைப் பிரித்து வைக்கச் சொல்.

வியாழக்கிழமை நீ அந்தப் பெஞ்சில் குடையோடு உட்கார்ந்துகொள். வாக்கெடுப்பு என்று தலைவர் சொன்னதும் கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, முதல் பக்கத்திலிருந்து முழுதாக வாசிக்க வேண்டும் என்று கேட்பான். எப்போது போதும் என்று சொல்வது என்பதை உன் முகத்தைப் பார்த்து முடிவு செய்வான். அவனுக்கு இன்னும் பாதிக் கிணறு பாக்கி இருக்கிறது.

தம்பி